மாலத்தீவில் சாப்பாடு: ரிசார்ட் பஃபேயா, உள்ளூர்த் தீவின் டீக்கடையா?

மாலத்தீவுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அறையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தண்ணீருக்கு மேல் கட்டிய வீடா, கடற்கரையை ஒட்டிய அறையா என்று நாள்கணக்கில் அலசுவார்கள். சாப்பாட்டை மட்டும் 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவார்கள். வேறு ஊருக்கு அது சரி, இங்கே சரிவராது. ஒரு ரிசார்ட் என்றால் ஒரு தீவு முழுக்க ஒரே நிர்வாகம். சமையல் பிடிக்கவில்லை என்று வெளியே இறங்கி அடுத்த கடையைத் தேட முடியாது. அடுத்த கடைக்குப் படகு பிடிக்க வேண்டும். ஆக, தீவை முடிவு செய்யும்போதே அங்கே இருக்கும் நாள் முழுக்க என்ன சாப்பிடப்போகிறோம் என்பதும் முடிவாகிவிடுகிறது.

முதல் ரிசார்ட்டான குரும்பா 1972-இல் திறந்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் பயணிகளுக்கு ரிசார்ட்தான் வழி. 2009-ஐ ஒட்டி விதிகள் தளர்ந்து, மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் வரத் தொடங்கின. மாஃபுஷி, துலுஸ்தூ, திகுரா, உகுல்ஹாஸ், தொட்டூ என்று இப்போது எத்தனையோ பெயர்கள். போட்டி ரிசார்ட்டுக்கும் இந்த உள்ளூர்த் தீவுகளுக்கும் நடுவில்தான்.

ரிசார்ட்டில் சாப்பாடு திட்டங்களாக விற்கப்படுகிறது. ஹாஃப் போர்டு என்றால் காலையும் இரவும். ஃபுல் போர்டு என்றால் மதியமும் சேர்த்து. ஆல் இன்க்ளூசிவ் என்றால் குடிக்கிற பானங்களும் அடக்கம். என் கணக்கில், மது அருந்தாதவர்களுக்கு ஆல் இன்க்ளூசிவ் பெரும்பாலும் நஷ்டம். அதன் விலையில் பெரும்பங்கு பாரில்தான் இருக்கிறது. ஹாஃப் போர்டு எடுத்து, காலை பஃபேயைச் சற்றுத் தாமதமாக, வயிறு நிறையச் சாப்பிட்டால் மதியம் ஏதாவது கொறித்தாலே போதும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: குடிதண்ணீர் சேர்த்தியா? பல இடங்களில் ஹாஃப் போர்டில் இரவுச் சாப்பாட்டு மேசைக்கு வரும் தண்ணீர் பாட்டிலுக்குத் தனி பில்.

பில் என்றதும் வரியைச் சொல்லாமல் விட முடியாது. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 சதவீத சேவைக் கட்டணமும் சுற்றுலா ஜிஎஸ்டியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். அந்த ஜிஎஸ்டி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகை மேல் வரி போடுவதால், 100 டாலர் சாப்பாடு கையை விட்டுப் போகும்போது ஏறக்குறைய 129 டாலர். பேக்கேஜ் எடுக்காமல் ஒவ்வொரு வேளையும் மெனு பார்த்துச் சாப்பிடலாம் என்று ரிசார்ட்டுக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

கடல்விமானத்தில் போகும் தூரத்து ரிசார்ட் என்றால் இன்னொன்று. அந்த விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலைக்கு மேல் மாலேயில் இறங்கினால் அன்றிரவு ஹுல்ஹுமாலேயிலோ மாலேயிலோ தங்க நேரும். காசு கட்டிய திட்டத்துக்கும் அந்த இரவுச் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இருக்காது.

இனி உள்ளூர்த் தீவு. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான், அதை மறைக்கப் போவதில்லை. காரணம், காலைச் சாப்பாடு. மஸ் ஹுனி என்று ஒன்று. வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு இவற்றைக் கையாலேயே நன்றாகப் பிசைந்து, வெங்காயம் நீர் விட்டதும் உதிர்த்த சூரை மீனையும் புதிதாகத் துருவிய தேங்காயையும் போட்டுக் கிளறுவார்கள். அடுப்பே தேவையில்லை. சுடச்சுட வரும் ரோஷியைப் பிய்த்து, அதில் கொஞ்சம் அள்ளி வாயில் போட்டால் முதலில் எலுமிச்சை, பிறகு தேங்காயின் இனிப்பு, கடைசியில் மிளகாய். ரோஷி நம் சப்பாத்தி மாதிரிதான், கொஞ்சம் மெலிது. சில வீடுகளில் பூசணியோ கீரையோ சேர்த்தும் செய்வார்கள். ரிசார்ட் பஃபேயிலும் மஸ் ஹுனி இருக்கும், ஒரு மூலையில். பிசைந்து வெகுநேரம் ஆன மஸ் ஹுனியில் தேங்காய் காய்ந்துபோய்விடும், அந்த ருசி வராது.

அங்கே கிடைக்கும் சூரை, வலை போட்டு அள்ளியது இல்லை. சூரை பிடிக்க வலைக்கு அனுமதி இல்லாததால் தூண்டிலில் ஒன்றொன்றாகப் பிடிக்கிறார்கள். மீனையும் தேங்காயையும் தவிர மற்ற அநேகப் பொருள்கள் கப்பலில் வருபவை. அதனால்தான் ரிசார்ட்டில் கோழியும் ஆட்டுக்கறியும் அத்தனை விலை. உள்ளூர்க் கடையில் மீன் மலிவு. எது அந்த ஊரில் விளைகிறதோ அதைச் சாப்பிடுவதுதான் பணத்துக்கும் நல்லது, நாக்குக்கும் நல்லது. தொட்டூவுக்குப் போனால் தர்பூசணியும் பப்பாளியும் அங்கேயே விளைகின்றன, விடாதீர்கள்.

மாலையில் ஹோட்டா, அதாவது ஊர் டீக்கடை. பழைய பாணிக் கடைகளில் உட்கார்ந்ததுமே சின்னச் சின்னத் தட்டுகளை மேசையில் வைத்துவிடுவார்கள்: மீனும் தேங்காயும் உள்ளே வைத்துப் பொரித்த உருண்டையான குல்ஹா, முக்கோணமாக பஜியா, காரமான மீன் கேக் குல்ஹி போக்கிபா. எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டும் காசு. கூட ஒரு டீ. அந்த ஊர்ப் பணமான ரூஃபியாவில் கொடுப்பது நல்லது, டாலருக்கு மீதி வாங்குவது சிரமம். மதியம் போனால் கருதியா கேளுங்கள். தெளிந்த மீன் சாறு, சோறு, எலுமிச்சை, மிளகாய், வெங்காயம், அவ்வளவுதான். கடலில் நீந்திக் களைத்து வரும் உடம்புக்கு அதைவிட இதமான சாப்பாடு எனக்குத் தெரியாது.

இரவுக்கு மட்டும் விருந்தினர் இல்லமே மேல். மீனைக் காட்டி, எப்படிச் சுடட்டும் என்று கேட்பார்கள். இரவு மீன்பிடிப் படகில் போனால், பிடித்ததையே சுட்டுத் தருகிற இடங்களும் உண்டு. முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும், சின்ன சமையலறை.

சரி, உள்ளூர்த் தீவு தோற்கிற இடங்கள்? முதலாவது சைவம். சுத்த சைவக்காரர்களுக்கு ஹோட்டா கஷ்டம்தான். காய்கறிக் குழம்பிலும் ருசிக்கு மாசி, அதாவது உலர்த்திய சூரை மீன், சேர்ப்பதுண்டு. 'கறி வேண்டாம்' என்றால் மீன் வரும், 'மீனும் வேண்டாம், மாசியும் வேண்டாம்' என்று சொல்லியாக வேண்டும். பல ரிசார்ட்டுகளில் இந்தியச் சமையல்காரர்கள் இருக்கிறார்கள். முன்பதிவின்போதே எழுதிவிட்டால் பருப்பு, காய்கறி, தயிர் என்று நிம்மதியாகச் சாப்பிடலாம். வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிற சைவக் குடும்பத்துக்கு நான் யோசிக்காமல் ரிசார்ட்டைத்தான் சொல்வேன்.

இரண்டாவது மது. மக்கள் வாழும் தீவுகளில் அது சட்டப்படி கிடையாது. வெளியிலிருந்து கொண்டுபோனாலும் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாஃபுஷி போன்ற இடங்களில் கரைக்கு அப்பால் நிற்கும் படகு பார்கள் இருக்கின்றன, ஆனால் அதற்காக அங்கே போக வேண்டியதில்லை.

மூன்றாவது நேரம். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்குக் கடைகள் மூடிவிடும், மற்ற நாள்களிலும் தொழுகை வேளையில் சற்று நேரம் அடைப்பார்கள். ரமலான் மாதத்தில் பகல் முழுக்க ஹோட்டாக்கள் இயங்காது. விருந்தினர் இல்லத்துக்குள் பயணிகளுக்குச் சாப்பாடு தருவார்கள், ஆனால் தெருவில் நடந்துகொண்டே கொறிப்பது மரியாதை இல்லை. அந்த மாதத்தில் போகிறவர்கள் ரிசார்ட் எடுக்கலாம். மாலை நோன்பு திறக்கும் நேரத்துப் பலகாரங்களைப் பார்க்க ஆசை இருந்தால் மட்டும் ஊருக்குள் தங்குங்கள்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. உள்ளூர்த் தீவில் தங்கிக்கொண்டு, ஒரு நாள் மட்டும் பக்கத்து ரிசார்ட்டுக்கு டே பாஸ், அதாவது தங்காமல் பகலில் மட்டும் இருந்துவிட்டு வரும் சீட்டு, எடுப்பது. பெரும்பாலும் மதிய பஃபேயும் அதில் சேர்ந்தே வரும். படகுக் கட்டணம் அந்த விலைக்குள் இருக்கிறதா, பானங்கள் உண்டா என்பதை மட்டும் விருந்தினர் இல்லத்தில் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மே முதல் அக்டோபர் வரை கடல் மோசமானால் படகு ரத்தாகும், அதனால் டே பாஸைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.