விமான தூரக் கணிப்பான் தளங்கள்: வேலூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு எவ்வளவு உதவும்?

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் இடையிலுள்ள தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும் இணையதளங்கள் நிறைய உண்டு. தூரத்தை நம்பலாம். நேரத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

தூரம் என்று அவை காட்டுவது பூமிப்பந்தின் மேல் போடக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம். சென்னை–கொல்கத்தா சுமார் 1,380 கி.மீ. எந்தத் தளத்தில் போட்டாலும் சில கிலோமீட்டர்தான் முன்னே பின்னே வரும். அலகைப் பார்க்காமல் விடுவதுதான் வழக்கமான தவறு. 745 என்று வந்தால் அது கடல் மைல், 1.852-ஆல் பெருக்க வேண்டும்.

நேரக் கணக்கு முரட்டுக் கணக்கு. தூரத்தை மணிக்கு 800 கி.மீ. போன்ற ஒரே வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்ப்பார்கள். கொல்கத்தாவுக்கு 2 மணி 13 நிமிடம் வரும். டிக்கெட்டில் இருப்பது 2 மணி 20 முதல் 2 மணி 30 நிமிடம் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்கியபின் நிறுத்துமிடம் சேர்வதும் டிக்கெட் நேரத்தில் அடங்கும். காற்றும் கணிப்பானுக்குத் தெரியாது. சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,900 கி.மீ. குளிர்காலத்தில் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. ஆனால் தளம் இரண்டுக்கும் ஒரே நேரத்தைக் காட்டும். மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: துபாய் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். 10 மணிக்கு ஏறி 12.45-க்கு இறங்கினால் பயணம் நாலேகால் மணி.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காள, திரிபுரா குடும்பங்களுக்கு இந்தத் தளங்கள் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. சென்னை–அகர்தலா நேர்கோட்டில் 1,680 கி.மீ. கொல்கத்தாவில் மாறிப் போனாலும் மொத்தம் 1,700-தான். தூரத்தில் வித்தியாசமே இல்லை; காத்திருப்பைச் சேர்த்தால் நேரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

எந்த விமான நிலையம் என்று முடிவு செய்யத்தான் இந்தத் தளம் உண்மையில் உதவுகிறது. பெங்களூரு–கொல்கத்தா சுமார் 1,550 கி.மீ.; சென்னையைவிட வானில் கால் மணிகூட அதிகமில்லை. தரையில்தான் இடி. வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் 130 கி.மீ. போல; பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி 200-ஐத் தாண்டும். டிக்கெட் ஆயிரம் ரூபாய் குறைவு என்று பெங்களூரைப் பிடித்தால் அந்தப் பணம் கார் வாடகையிலேயே போய்விடும். சில தளங்களில் ‘அருகிலுள்ள விமான நிலையம்’ என்று அரக்கோணம் வரும். அது கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளம், பயணிகள் விமானம் கிடையாது.

தளம் தரும் நேரத்தோடு தரைக்கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி, அங்கிருந்து நீல வழி மெட்ரோவில் விமான நிலையத்துக்கு முக்கால் மணி. உள்நாட்டு விமானங்களுக்கு செக்-இன் கவுண்டர் பெரும்பாலும் ஒரு மணி முன்பே மூடிவிடும். நடை, தாமதம் எல்லாம் சேர்த்து, விமான நேரத்துக்கு ஐந்து மணி முன்னால் காட்பாடியில் ரயில் ஏறியிருக்க வேண்டும். விடியற்கால விமானத்துக்கு இந்த வழி ஆகாது. மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். அதற்கு ராத்திரியே கார்தான்.