சின்ன கிளினிக்கில் தெரபி ஆய்வு: ஆர்.சி.டி.யா, மல்டிபிள் பேஸ்லைனா?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் சின்ன மனநல ஓ.பி. நடத்துகிறவர்களுக்கும், அங்கே தீசிஸ் செய்ய வருகிறவர்களுக்கும் ஒரே தலைவலி: கொடுக்கிற தெரபி வேலை செய்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? வழி மூன்று உண்டு. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஸ்கோர் எடுத்துக் கழித்துப் பார்க்கலாம். ஆட்களைக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்குத் தெரபி, மீதிப் பேருக்கு வெயிட்லிஸ்ட் (காத்திருப்புப் பட்டியல்) என்று ஆர்.சி.டி. நடத்தலாம். இல்லையென்றால் ஐந்தாறு பேரை மட்டும் எடுத்து, தினமும் அளந்து, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் தெரபியைத் தொடங்கும் மல்டிபிள் பேஸ்லைன். நாங்கள் எடுத்தது மூன்றாவது. அந்தச் சாய்வு இந்த அலசலில் இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆட்கள் மிக மோசமான வாரத்தில்தான் ஓ.பி.க்கு வருகிறார்கள். அப்போது எடுத்த ஸ்கோர், எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கும். நியூரோசிஸ்காரர்களில் மூன்றில் இரண்டு பேர் தெரபி இல்லாமலே தேறுகிறார்கள் என்று உளவியலாளர் ஐசங்க் 1952-ல் கிளப்பிய சர்ச்சை இன்றும் முன்-பின் ஆய்வுகளை விரட்டிக்கொண்டிருக்கிறது. அவர் போட்ட கணக்கில் ஓட்டை உண்டு, கேட்ட கேள்வியில் இல்லை. சொந்த கிளினிக் தரத்தைக் கண்காணிக்க முன்-பின் போதும். அப்படிச் செய்தாலும் ஜேக்கப்சனும் ட்ருவாக்ஸும் 1991-ல் தந்த நம்பகமான மாற்றக் குறியீட்டை (இறக்கம் அளவைப் பிழையைத் தாண்டியதா என்று சொல்வது) போட்டுப் பாருங்கள். ஸ்கேலின் திட்ட விலக்கம் 6, மறுசோதனை நம்பகத்தன்மை 0.84 என்றால் அளவைப் பிழை 2.4. இரண்டு ஸ்கோர்களின் வித்தியாசத்துக்கு அது 3.4 ஆகும். அதை 1.96-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 6.7. ஆக, அந்த ஸ்கேல் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாளான பிஎச்க்யூ-9 என்றால், அதில் 14 வாங்கியவர் 10-க்கு இறங்கினால் நல்ல செய்திதான், ஆனால் அது அந்த 6.7-க்குள்ளேயே அடங்கிவிடும். 7 புள்ளியாவது இறங்க வேண்டும்.

ஆர்.சி.டி.யின் பெருமையை விளக்க வேண்டியதில்லை. கோவாவில் மனச்சோர்வுக்காக நடந்த ‘ஹெல்தி ஆக்டிவிட்டி ப்ரோக்ராம்’ ஆய்வில் 495 பேர். தெரபி கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள், செஷன் 6 முதல் 8 வரை. முடிவு 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஸ்கிசோஃப்ரீனியாவுக்கான சமூகப் பராமரிப்பைச் சோதித்த ‘காப்சி’ ஆய்வின் 282 பேரில் ஒரு பகுதியினர் நம் காஞ்சிபுரம் பக்கத்தவர்கள். அந்த அளவுக்கு ஆளும் பணமும் இருந்தால் மறுபேச்சு இல்லை, ஆர்.சி.டி.தான்.

இல்லாதபோதுதான் சிக்கல். நடுத்தர விளைவு, அதாவது 0.5 திட்ட விலக்க அளவு வித்தியாசத்தை, 5 சதவீதப் பிழை வரம்பில் 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க ஒரு பக்கத்துக்கு 64 பேர் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 128. ஐந்தில் ஒருவர் கழன்றுகொள்வார் என்று வைத்தால் 160 பேரைச் சேர்க்க வேண்டும். தெரபி பக்கம் 80 பேருக்கு ஆளுக்கு 8 செஷன் என்றால் 640 செஷன். ஒரே தெரபிஸ்ட் வாரம் 15 பார்த்தாலும் 43 வாரம் ஓடிவிடும். காத்திருந்தவர்களுக்குச் செய்ய வேண்டியது இன்னும் அப்படியே நிற்கும். இதைப் பார்த்து மிரண்டு, பக்கத்துக்கு 12 பேர் என்று குறைத்து ஆர்.சி.டி. என்று பெயர் வைத்துக்கொள்கிற தீசிஸ்கள்தான் அதிகம். அந்த அளவில் நல்ல தெரபியும் தோற்கலாம், சும்மா அதிர்ஷ்டமும் ஜெயிக்கலாம்.

வெயிட்லிஸ்டுக்கு எல்லைப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை. மூன்று மாதம் காத்திருங்கள் என்று சொன்னால் இங்கே யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி, வாளையார் தாண்டினால் கோயம்புத்தூர். அங்கே போய் மாத்திரை வாங்கிக்கொண்டு, இங்கே வந்து ‘ஒண்ணும் எடுக்கலைங்க’ என்பார்கள். இது தெரபியின் பலனைக் குறைத்துக் காட்டும் பக்கம் இழுக்கும். மறுபக்கம், உங்கள் முறை இன்னும் வரவில்லை என்று சொல்லி வைக்கப்பட்டவர் தானாக எந்த முயற்சியும் எடுக்காமல் இருப்பதால், வெயிட்லிஸ்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் தெரபியின் பலன் ஊதிப் பெரிதாகத் தெரியும். எது எவ்வளவு இழுத்தது என்று கடைசியில் பிரித்துச் சொல்ல முடியாது.

இவை எல்லாவற்றையும் விட, எங்களைப் பொறுத்தவரை முடிவு செய்தது பாதியில் நின்றுபோகிறவர்கள்தான். கஞ்சிக்கோடு கம்பெனிகளில் ஷிஃப்ட் மாறும். கொய்த்து (அறுவடை) தொடங்கினால் வயல் வேலைக்காரர் வரமாட்டார். மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போன அம்மா மூன்று மாதம் கழித்துத்தான் திரும்புவார். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆர்.சி.டி. கணக்கில் இது என்ன செய்கிறது என்று பாருங்கள். தெரபி பக்கம் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். 14 பேர் முடித்தார்கள், சராசரியாக 8 புள்ளி இறங்கினார்கள். நின்றுபோன 6 பேர் கடைசியாக வந்தபோது 1 புள்ளிதான் இறங்கியிருந்தார்கள். வெயிட்லிஸ்ட்காரர்கள் 4 இறங்கினார்கள். முடித்தவர்களை மட்டும் எண்ணினால் தெரபியின் லாபம் 4 புள்ளி. குலுக்கிப் போட்ட எல்லாரையும் எண்ணினால் தெரபி பக்கச் சராசரி 5.9, லாபம் 1.9 தான். அதே ஆட்கள், அதே தாள்கள், முடிவு பாதியாகிவிட்டது. முடித்தவர்களை மட்டும் எண்ணும் நொடியில் குலுக்கலுக்கு அர்த்தம் போய்விடுகிறது. தேறாதவர்களே விலகிவிட்டதால் மிஞ்சியவர்கள் பளபளப்பாகத் தெரிகிறார்கள்.

கடைசி ஸ்கோரையே இறுதி ஸ்கோராக இழுத்துக்கொண்டு போகும் பழைய வழக்கம் ஒரு தீர்வல்ல. இரண்டாவது வாரத்தில் போனவர் பன்னிரண்டாவது வாரத்திலும் அங்கேயே நின்றார் என்று அது கற்பனை செய்கிறது. விடுபட்ட ஸ்கோரைக் கிடைத்த தகவலை வைத்து ஈடுகட்டும் மல்டிபிள் இம்ப்யூட்டேஷனும் மிக்ஸ்டு மாடலும் அதைவிட நல்லவை. ஆனால் விலகியதற்கான காரணம் ஏற்கனவே பதிவான தகவலுக்குள் இருக்கிறது என்று அவை நம்புகின்றன. அதனால் ஆர்.சி.டி.தான் செய்வேன் என்கிறவர்கள் இரண்டு வேலையை விடவே கூடாது. ஸ்கோரை முதலிலும் கடைசியிலும் மட்டும் எடுக்காமல் ஒவ்வொரு செஷனிலும் எடுங்கள். விலகிய ஒவ்வொருவருக்கும் காரணத்தை அன்றைக்கே எழுதுங்கள். ‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்பது காரணமாகாது. ஷிஃப்ட் மாறினாரா, தேறிவிட்டாரா, தெரபி பிடிக்கவில்லையா என்பதுதான் வேண்டும்.

இனி மல்டிபிள் பேஸ்லைன். எல்லாரையும் ஒரே நாளில் அளக்கத் தொடங்குகிறோம். முதல் ஆளுக்கு 5 நாள் பேஸ்லைன், அதாவது தெரபி இல்லாமல் அளக்க மட்டும் செய்யும் காலம், அடுத்தவருக்கு 8, பிறகு 11, 14, 17, 20. யாருக்கு எந்த நீளம் என்பதைக் குலுக்கித்தான் போட வேண்டும், நம் வசதிக்கு அல்ல. அதிகம் காத்திருப்பவரும் மூன்று வாரத்துக்குள் தெரபிக்கு வந்துவிடுகிறார். ஒவ்வொருவர் கிராஃபும் அவரவர் தெரபி தொடங்கிய நாளுக்குப் பிறகே திரும்புகிறது, மற்றவர்கள் கிராஃப் அந்த நாளில் அசையவில்லை என்றால், மாற்றத்துக்குக் காரணம் தெரபி என்று சொல்லத் துணிவு வரும்.

ஓணம் வந்தால் இது நன்றாகத் தெரியும். இந்தப் பக்கத் தமிழ்க் குடும்பங்களிலும் ஓணத்தை ஒட்டி வெளியூர்ப் பிள்ளைகள் வருவார்கள், கையில் போனஸ் இருக்கும், தூக்கம் மாறும், சில வீடுகளில் குடியும் கூடும். அந்த ஏற்ற இறக்கம் ஆறு கிராஃபிலும் ஒரே தேதியில் விழும். தெரபியின் தடம் ஆறு வெவ்வேறு தேதியில் விழும். ஆள் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொருவராகச் சேர்த்தால் இந்தப் பலம் போய்விடும். ஆறு பேர் சேரும்வரை காத்திருந்து ஒன்றாகத் தொடங்குவது அலுப்பான வேலை, ஆனால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆறு பேர் ஏன்? தொடக்க நாளைக் குலுக்கிப் போட்டால் ராண்டமைசேஷன் டெஸ்ட் செய்யலாம்: கிடைத்த முடிவை, குலுக்கல் வேறு விதமாக விழுந்திருந்தால் வரக்கூடிய எல்லா முடிவுகளோடும் ஒப்பிடுவது. மூன்று பேரை 6 விதமாகத்தான் வரிசைப்படுத்த முடியும், ஆகவே கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி மதிப்பு (தெரபிக்குப் பலனே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 6-ல் ஒன்று, அதாவது 0.17. எவ்வளவு நல்ல தெரபியாக இருந்தாலும் அதற்குக் கீழே போகாது. நான்கு பேருக்கு 24 விதம், 0.042, வழக்கமான 0.05 எல்லைக்குள். ஐந்துக்கு 120. ஆறு பேரோடு தொடங்கி இரண்டு பேர் போனாலும் மிச்சம் நான்கில் வண்டி ஓடும். நின்றுபோனவர் எந்தச் சராசரிக்குள்ளும் ஒளிவதில்லை. அவர் கிராஃப் பாதியில் முடிந்திருப்பதை வாசகர் தன் கண்ணால் பார்க்கிறார், என்ன நடந்திருக்கும் என்று அவரே யோசிக்கலாம். அந்த முழுமையடையாத கிராஃபையும் அச்சில் கொடுத்துவிட வேண்டும். எடுத்துப் போட்டுவிட்டால் ஆர்.சி.டி.யில் செய்கிற அதே திருட்டுதான்.

எதை அளப்பது என்பதில்தான் பலர் தடுக்குகிறார்கள். பிஎச்க்யூ-9 கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கிறது. அதைத் தினமும் கேட்டால் நேற்றைய பதிலையே இன்றும் வாங்குவோம். அதைத் தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று மாதம் கழித்தும் எடுங்கள். தினசரிக்கு ஆளுக்கேற்ற எண் வேண்டும்: கை கழுவிய தடவை, தூங்கிய மணி, வாசல் தாண்டிய தடவை, மனப்பாரம் 0 முதல் 10 வரை எவ்வளவு. இரவு எட்டு மணிக்கு ஒரே ஆள் போன் செய்து, ஒரே வாக்கியத்தில் கேட்க வேண்டும். தெரபி கொடுப்பவர் அந்த ஆளாக இருக்கக் கூடாது, அவருக்காகவே ஸ்கோரைக் குறைத்துச் சொல்லும் நல்ல மனசு நம் ஜனங்களுக்கு உண்டு. வாட்ஸ்அப்பில் என்றால் எண் மட்டும் போகட்டும். வீட்டுப் போன் பெரும்பாலும் மகன் கையில் இருக்கும், ‘மனப்பாரம்’ என்ற சொல்லே திரையில் வரக்கூடாது.

மொழியையும் முதல் நாளே கட்டிப் போட வேண்டும். இந்தத் தாலுகாவில் தமிழ் பேசி மலையாளம் படிக்கிறவர்கள் நிறைய. தமிழ்த் தாளை நீட்டினால் தலையாட்டிவிட்டு ஊகத்தில் டிக் போடுவார்கள். முதல் முறை மலையாளத் தாளும் கடைசியில் தமிழ்த் தாளும் கொடுத்தால், இறங்கிய புள்ளியில் எவ்வளவு நோய், எவ்வளவு மொழி என்று தெரியாது. படித்துக் காட்டிக் கேட்பதே நல்லது. எந்த மொழியில் தொடங்கினோமோ அதிலேயே முடிக்க வேண்டும்.

பிஎச்க்யூ-9-ன் ஒன்பதாவது கேள்விக்கு, தற்கொலை எண்ணத்தைப் பற்றியது, 0 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் பேஸ்லைனை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே ஆபத்தை மதிப்பிட வேண்டும். தேவைப்பட்டால் அவர் ஆய்விலிருந்து வெளியேறி நேரே சிகிச்சைக்குப் போக வேண்டும். இந்த விதி எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் தாளிலேயே இருக்கட்டும். மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் பதிவையும் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதிப் பதிவு கிடையாது.

அலசலுக்கு கிராஃபைக் கண்ணால் பார்ப்பதுதான் முதல் வேலை: மட்டம், சரிவு, ஏற்ற இறக்கம், தெரபி தொடங்கியதும் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது. பிறகு ஒரு எண் வேண்டுமென்றால், பேஸ்லைன் அளவீடு ஒவ்வொன்றையும் தெரபி அளவீடு ஒவ்வொன்றோடும் ஜோடி சேர்த்துப் பார்க்கும் என்ஏபி எளிது. பேஸ்லைனில் 5 அளவீடு, தெரபியில் 10 அளவீடு என்றால் 50 ஜோடி. அதில் 46 ஜோடியில் முன்னேற்றம், 2 சமம் என்றால் 47-ஐ 50-ஆல் வகுத்து 0.94. பேஸ்லைனிலேயே இறங்கிக்கொண்டிருந்தவருக்கு இது ஏமாற்றும், அவருக்கு, பேஸ்லைன் சரிவையும் கழித்துப் பார்க்கும் டாவ்-யூ போடுங்கள்.

எங்கே இந்த முறை காலை வாரும்? மாற்றம் மெதுவாக வரும் தெரபிகளில். நான்காவது மாதம்தான் திரும்பும் என்றால் மூன்று நாள் இடைவெளி எதையும் காட்டாது. எங்களுக்குக் கைப்பழக்கம் எக்ஸ்போஷரிலும் (பயந்ததைப் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பது) பிஹேவியரல் ஆக்டிவேஷனிலும்தான் (விட்டுப்போன வேலைகளில் மறுபடி இறங்க வைப்பது), ஆழ்மனத்தை நீண்ட நாள் அலசும் சைக்கோடைனமிக் பக்கம் இதை நம்பி இறங்கச் சொல்ல மாட்டோம். இந்தத் தெரபியா அந்தத் தெரபியா, எது மேல் என்ற கேள்விக்கும் இது சரிப்படாது. சராசரியாக எத்தனை பேருக்குப் பலிக்கும் என்பதற்கும் ஆறு பேர் பதிலாக முடியாது. வைவாவில் ‘எத்தனை பேர்?’ என்று கேட்டு முகம் சுளிக்கிற எக்ஸாமினர் கட்டாயம் இருப்பார். அவரிடம் ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, மொத்த அளவீடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிங்கிள் கேஸ் ஆய்வுகளை எழுத 2016-ல் வந்த ‘ஸ்க்ரைப்’ பட்டியலின் 26 அம்சங்களையும் நிரப்பி, தினசரி எண்கள் முழுவதையும் பின்னிணைப்பாக வையுங்கள். பக்கத்து ஊரில் இன்னொருவர் அதே கேள்வியை அதே இரவு எட்டு மணிக்குக் கேட்டு இன்னொரு ஆறு பேரோடு செய்தால், இரண்டையும் மல்டிலெவல் மாடலில் (ஆளுக்குள் அளவீடுகள், ஆய்வுக்குள் ஆட்கள் என்று அடுக்கிப் பார்க்கும் கணக்கு) சேர்த்துப் போட அந்தப் பின்னிணைப்புதான் வேண்டியிருக்கும்.