கொல்லைத் தொட்டியில் தங்கமீன் குஞ்சு: மூன்று குளிர்காலங்களின் அனுபவம்

மாதவரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் எட்டடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் ஏறத்தாழ 2,250 லிட்டர் பிடிக்கும். 2022-ஆம் ஆண்டில் கொளத்தூர் மீன் கடைகளிலிருந்து ஆறு தங்கமீன்களை வாங்கி வந்து அதில் விட்டேன். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கொஞ்சம் கப்பிகளும், பாசிக்காக ஒரு சக்கர் மீனும், அழகுக்காக இரண்டு கோய் மீன்களும் அவற்றோடு சேர்ந்தன. இப்படிப்பட்ட கூட்டுக் குடித்தனத்தில் தங்கமீன் முட்டையிடுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முட்டைக்குக் குறைவிருக்காது, குஞ்சுதான் மிஞ்சாது.

நம் ஊர் வெயிலில் தங்கமீன் இனப்பெருக்கத்தில் அக்கறை காட்டுவதில்லை. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைத் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது, அதிலும் பாதித் தண்ணீரை மாற்றிய மறுநாளில், திடீரென்று ஆரம்பித்துவிடுகின்றன. அதற்குச் சில நாட்கள் முன்பே ஆண் மீன்களின் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன்விளிம்பிலும் ரவை ஒட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். முதல் ஆண்டில் அதை வெண்புள்ளி நோய் என்று எண்ணி மருந்து வாங்க ஓடியவன் நான். விடியும் நேரத்தில் இரண்டு மூன்று ஆண்கள் சேர்ந்து பெண் மீனைத் தொட்டியைச் சுற்றித் துரத்தி, ஆகாயத்தாமரை வேர்களுக்குள் தள்ளி, வயிற்றில் முட்டுகின்றன. முட்டைகள் விழுந்த கணத்திலேயே வேரில் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் கடுகுக்குச் சற்றுச் சிறியதாக, தேன் நிறத்தில், கண்ணாடிபோல் இருக்கும்.

முதல் குளிர்காலத்தில் அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். பெற்ற மீன்களே அன்று மதியத்துக்குள் பெரும்பகுதியைத் தின்றன. இரவில் சக்கர் மீன் மிச்சத்தைத் துடைத்தது. ஒரு குஞ்சும் தேறவில்லை.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் தொட்டி வழிந்தபோது கப்பிகளில் பெரும்பாலானவை தண்ணீரோடு போயின. சக்கர் மீனும் வெளியேறிவிடுமோ என்று மழையிலேயே மேலே வலை கட்டினேன். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் அந்த மீன் ஏற்கெனவே பெருகிக் கிடப்பதால், நம் பங்குக்கு ஒன்று வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் அந்தத் தை மாதத்து முட்டைகளிலிருந்து நான்கு குஞ்சுகள் பிழைத்திருந்ததைப் பங்குனியில்தான் கவனித்தேன். தொட்டியில் மாறியிருந்தது கப்பிகளின் எண்ணிக்கை மட்டுமே. இரண்டு விரல் நீளம்கூட இல்லாத அந்த மீனை அதுவரை நான் சந்தேகித்ததே இல்லை. பெரிய மீன் நுழைய முடியாத வேர் இடுக்குகளிலும் நுழைந்து, அப்போதுதான் பொரித்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது அதுதான்.

மூன்றாவது குளிர்காலத்தில், முட்டையிட்ட அன்று காலை எட்டு மணிக்குள் வேர்க்கொத்துகளை எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய ஐம்பது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். கருவுறாதவை மறுநாளே வெளுத்துப் பூஞ்சை பிடிப்பதால் அவற்றை மட்டும் பொறுக்கி எறிந்தேன். நான்காம் நாள் பொரித்தன. முதல் இரண்டு நாட்கள் குஞ்சுகள் சுவரில் ஊசிபோல் ஒட்டிக்கொண்டு, வயிற்றிலுள்ள மஞ்சள் கருவை உண்டே வாழ்வதால், அப்போது எதையும் போடக்கூடாது. நீந்தத் தொடங்கியதும் நுண்பாசி நிறைந்த பச்சைத் தண்ணீரும், வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்த சில சொட்டுகளும் கொடுத்தேன். இந்த மஞ்சள் கரு சற்று அதிகமானாலும் தண்ணீர் மாலைக்குள் நாறிவிடும். அதற்கு ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சுகள் செலவு பிடித்தாலும் நிம்மதி.

இதிலும் ஒரு தவறு செய்தேன். ஒரு நாள் அவசரத்தில் குழாய்த் தண்ணீரை ஆறவிடாமல் நேரடியாக ஊற்றினேன். குளோரின் பாதிக் குஞ்சுகளைக் கொன்றது. அதன்பின் ஒரு நாள் முழுவதும் காற்றுக்குழாய் ஓடிய தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். மூன்று மாத முடிவில் அறுபது குஞ்சுகளுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தன. கோய்க்கும் தங்கமீனுக்கும் கலப்பு ஏற்படும் என்பதால், இவற்றில் எதற்காவது கோய்க்கு இருப்பதுபோல் வாயோரம் சிறு மீசை இருக்கிறதா என்று பார்த்தேன், தென்படவில்லை. ஆனாலும் கோய்களை அடுத்த பருவத்துக்கு முன் பிரித்துவிடுவேன்.

குஞ்சுகள் ஒன்றும் பொன்னிறத்தில் பிறப்பதில்லை. இரண்டு மாதம் வரை எல்லாமே சேற்று நிறந்தான். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “தம்பி, உன்னை ஏமாத்திட்டாங்க, இது கெண்டைக் குஞ்சு” என்றார். மூன்றாம் மாதத்தில் ஒன்றிரண்டுக்கு வயிற்றுப் பக்கம் மஞ்சளிக்கத் தொடங்கி, அந்நிறம் மெல்ல முதுகுக்கு ஏறியது. பத்துப் பன்னிரண்டு மீன்கள் இன்றும் வெண்கல நிறத்திலேயே நீந்துகின்றன; அக்கா அவற்றை மட்டும் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறார்.