முட்டுச்சந்தை எண்ணும் கருவி: ஓஎஸ்எம்என்எக்ஸ் 2

ஊர் பெருகப் பெருகத் தெருக்கள் எப்படித் துண்டுபடுகின்றன என்பதை அளக்க, இலவசமாகக் கிடைப்பவற்றில் இதைவிட நல்ல கருவி இல்லை. ஜெஃப் போயிங் உருவாக்கிய, பைத்தான் நிரல்மொழிக்கான தொகுப்பு இது. இடத்தின் பெயரைக் கொடுத்தால் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து தெருக்களை இறக்கும். முட்டுச்சந்து, முச்சந்தி, நாற்சந்தி ஒவ்வொன்றும் எத்தனை பங்கு, தெருவின் சராசரி நீளம் என்ன, நேர்க்கோட்டைவிட எவ்வளவு சுற்றிப் போகிறது எல்லாம் ஒரே கட்டளையில் வந்துவிடும்.

எல்லையில் வெட்டுப்படும் தெருவை முட்டுச்சந்தாக எண்ணிவிடாதபடி 500 மீட்டர் கூடுதலாக இறக்கி, எண்ணிய பிறகே வெட்டுகிறது. மிக நல்ல ஏற்பாடு.

ஆனால் அமைப்புகளைச் சரிபார்க்காமல் அப்படியே நம்பக்கூடாது. சென்னையின் அண்ணாநகரையும் பழைய மகாபலிபுரம் சாலையையும் ஒப்பிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வாகனச் சாலைகளை மட்டும் எடுக்கும் 'டிரைவ்' வகையில் இறக்கினால், வரைபடத்தில் தனியார் வழி என்று குறித்த தெருக்கள் விடுபடும். கதவு போட்ட குடியிருப்புகளின் உள்தெருக்கள் பெரும்பாலும் அப்படித்தான் குறிக்கப்படும். அளக்க வந்த முட்டுச்சந்துகளே காணாமல் போகும். 2.0 பதிப்பிலிருந்து 'ஆல்' வகை தனியார் தெருக்களையும் சேர்க்கிறது. ஆனால் நடைபாதைகளும் கூடவே வரும், வடிகட்ட வேண்டும்.

அடுத்தது சந்திப்புகளை இணைக்கும் வேலை. நடுவில் தடுப்புள்ள இரண்டு சாலைகள் வெட்டும் ஒரே நாற்சந்தி வரைபடத்தில் நான்கு புள்ளிகளாக இருக்கும். இணைக்கும் முன் வரைபடத்தை மீட்டர் அளவைக்கு (யூடிஎம் என்ற வரைபட அளவை முறையில் சென்னைக்கு 44 வடக்கு மண்டலம்) மாற்றுங்கள். மறந்தால், இணைக்கும் தூரமாகக் கொடுக்கும் 10 என்பது 10 பாகையாகி ஊரே ஒரு புள்ளியில் சுருங்கும். 10 மீட்டர் என்பது ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் போடும் வட்டத்தின் ஆரம். அதனால் 20 மீட்டர் வரை தள்ளியிருப்பவையும் ஒட்டிக்கொள்ளும். ஜார்ஜ் டவுன் போன்ற நெருக்கமான சந்துகளுக்கு 5 போதும். முக்கியமாக, இந்தக் கட்டளை கேட்காமலேயே முட்டுச்சந்துகளை நீக்கிவிடும். 'டெட் எண்ட்ஸ்' அமைப்பை 'ட்ரூ' ஆக்க மறக்காதீர்கள்.

பழைய தேதி கொடுத்தும் தரவை இறக்கலாம். அதை வைத்து வளர்ச்சியைக் கணிக்க வேண்டாம்: அது தெரு வரைபடத்தில் ஏறிய தேதி, போடப்பட்ட தேதி அல்ல. செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்த 1975, 1990, 2000, 2014 கட்டடப்பரப்பு அடுக்குகளை மேலே பொருத்தி, எந்தச் சந்திப்பு எந்தக் காலப் பரப்பில் விழுகிறது என்று பிரித்து எண்ணுங்கள்.