சின்ன யானையில் மரம் ஏற்ற: கிரேனா, உருட்டுச் சட்டமா?

2018 நவம்பரில் கஜா புயல் போட்டுவிட்டுப் போன மரங்களுக்குப் பிறகு, எங்கள் ஆலங்குடிப் பக்கம் விறகுக்குப் பஞ்சம் இல்லை. அறுத்த துண்டை வண்டியில் ஏற்றத்தான் ஆள் இல்லை. நான்கு பேர் சேர்ந்து தூக்கும் கட்டைக்கு இரண்டு பேர்தான் வருகிறார்கள். அதனால் என் டாடா ஏஸில், அதாவது சின்ன யானையில், ஒரு தூக்கும் கருவி செய்து மாட்டலாம் என்று வெல்டிங் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். பட்டறை அண்ணன் சாக்பீஸால் தரையில் மூன்று படம் போட்டார். மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்த கதை இது.

முதலில் சுமை. ஒன்றரை அடி விட்டம், ஆறடி நீளம் உள்ள பச்சைப் புளியங்கட்டை சுமார் 300 கிலோ வரும். விட்டம் ஒரு அடி என்றால் 130 கிலோ. விட்டம் பாதி கூடினால் எடை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏற்ற வேண்டிய உயரமோ இரண்டரை அடிக்குக் கொஞ்சம் முன்பின். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் போட்ட முதல் படம், எல்லோருக்கும் ஆசை வரும் படம்: டெக்கின், அதாவது சரக்குத் தட்டின், மூலையில் ஒரு தூண், அதன் மேல் சுழலும் கை, கம்பியை உருளையில் சுற்றி இழுக்கும் 12 வோல்ட் மின் வின்ச். பட்டனை அமுக்கினால் மரம் எழும்பும், கையைத் தள்ளினால் உள்ளே வந்து உட்காரும். பார்க்க அழகு. கணக்கு போட்டால் அழகு போய்விடும். ஐந்தடிக் கையின் நுனியில் 300 கிலோ தொங்கினால் தூணின் அடியில் விழும் முறுக்கு, 75 கிலோ ஆள் ஒருவர் 20 அடிக் கழியின் நுனியில் ஏறி நிற்பதற்குச் சமம். சின்ன யானையின் டெக் தகடு அதைத் தாங்காது. தூணின் அடிப்பலகையை சேஸோடு, அதாவது வண்டியின் அடிக்கூட்டோடு, சேர்த்துப் பிடித்தால்தான் உண்டு. போல்ட் தாங்கினாலும் தகடு கிழியும்.

அதைவிட வண்டி சாய்வதுதான் பயம். காலி வண்டி சுமார் 850 கிலோ. சக்கர வரிசைக்கு ஒரு மீட்டர் வெளியே 300 கிலோவைத் தூக்கினால், வண்டியைக் கவிழ்க்கத் தேவையான பலத்தில் பாதிக்கு மேல் அப்போதே போய்விடுகிறது. ஈர மண்ணில் டயர் நாலு அங்குலம் புதைந்து, மரமும் ஊஞ்சலாட ஆரம்பித்தால் மிச்சமும் போச்சு. தரையில் ஊன்றும் தாங்குகால் இல்லாமல் இந்தக் கிரேனைப் பற்றி யோசிக்கவே கூடாது.

மின் வின்ச் பற்றியும் ஒன்று. வண்டியைச் சேற்றிலிருந்து இழுக்கச் செய்த வின்ச் வேறு, சுமையை அந்தரத்தில் பிடித்து நிற்கும் வின்ச் வேறு. முதல் வகைக்குப் பல கையேடுகளிலேயே ‘தூக்கப் பயன்படுத்தாதே’ என்று போட்டிருக்கும். மூடியில் எழுதியிருக்கும் கிலோ கணக்கும் உருளையில் முதல் சுற்றுக்குத்தான். கம்பி அடுக்கடுக்காக ஏற ஏற இழுவை குறையும். முழுப் பாரத்தில் அறுபது, நூறு ஆம்பியர் என்று குடிக்கும். சின்ன வண்டியின் பேட்டரிக்கு அது பெரிய தாகம். கிரேன்தான் வேண்டும் என்றால் மின் வின்ச்சை விட்டுவிட்டு, கையால் சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் செயின் பிளாக் மாட்டுங்கள். மெதுவாகத்தான் போகும். ஆனால் கையை விட்டால் நின்ற இடத்தில் நிற்கும்.

இரண்டாவது படம் ஏ ஃபிரேம். பின்பக்கம் இரண்டு மூலையிலும் கீல் வைத்த இரண்டு பைப், உச்சியில் சேர்த்து ஒரு கப்பி, கேபினுக்குப் பின்னால் கை வின்ச். மரம் வண்டியின் நடுக்கோட்டில் பின்புறமாக வருவதால் பக்கவாட்டில் சாயாது. செலவும் குறைவு, கழற்றி வைத்துவிடலாம். ஒரு வில்லங்கம் உண்டு: சட்டம் செங்குத்தைத் தாண்டியதும் மரத்தோடு சேர்ந்து கேபின் பக்கம் அடித்துக்கொண்டு விழப் பார்க்கும். அதைத் தடுக்கப் பின்னால் ஒரு சங்கிலி கட்டாயம்.

மூன்றாவதை அண்ணன் சும்மா பேச்சுக்குத்தான் வரைந்தார். எங்கள் தாத்தா காலத்தில் மாட்டு வண்டியில் இரண்டு பனஞ்சட்டத்தைச் சாய்த்து, வடம் போட்டு உருட்டி ஏற்றுவார்களே, அதேதான். பக்கப் பலகையை இறக்கிவிட்டு, எட்டடி நீளமுள்ள இரண்டு சட்டங்களைச் சாய்க்க வேண்டும். கயிற்றின் ஒரு முனையை டெக்கின் அடிச்சட்டத்தில் கட்டி, கீழே கொண்டுவந்து, மரத்தின் அடியில் நுழைத்து, மேலே சுற்றி மறுபடி வண்டிக்கே கொண்டுபோக வேண்டும். இப்படி இரண்டு கயிறு. இழுத்தால் மரம் தானே உருண்டு ஏறும்.

ஏன் இவ்வளவு லேசாக வருகிறது? இரண்டரை அடி உயரத்துக்கு எட்டடிச் சரிவு என்பதால் 300 கிலோ, 94 கிலோவாகிறது. கயிறு மரத்தைச் சுற்றி வருவதால் மரமே நகரும் கப்பி மாதிரி வேலை செய்து அதையும் பாதியாக்குகிறது. ஆக 47 கிலோ. இரண்டு பேர் இழுத்தால் ஆளுக்கு 24 கிலோவும் கொஞ்சம் உராய்வும். கிணற்றில் குடம் இழுத்த கைக்கு இது ஒன்றுமே இல்லை!

நான் இதைத்தான் செய்துகொண்டேன். பனஞ்சட்டத்துக்குப் பதில் மூன்றங்குல சி சேனல் (‘C’ வடிவ இரும்புச் சட்டம்), நிமிர்த்தி வைத்தது. ஒன்று 17 கிலோதான் வரும், ஒற்றைக் கையில் எடுத்துப் போடலாம். மேல் நுனியில் ஒரு கொக்கி, அது டெக்கின் சட்டத்தில் விழ வேண்டும், மெல்லிய பலகையில் அல்ல. மறுபக்கம் ஒரு கை வின்ச், பிரேக் உள்ளதாக. பிரேக் இல்லாமல் பல்சக்கரத்தில் கொக்கி விழுந்து நிற்கும் ராட்செட் வகையில் பல் நழுவினால் கைப்பிடி திரும்பிச் சுழன்று முழங்கையை உடைத்துவிடும்.

தொல்லை இல்லாமல் இல்லை. மரத்தின் அடிப்பக்கம் பருத்திருப்பதால் அது முந்திக்கொண்டு ஏறும், நுனிப்பக்கம் பின்தங்கும், மரம் கோணிக்கொள்ளும். அப்போது அடிப்பக்கக் கயிற்றை நிறுத்திப் பிடித்து, நுனிப்பக்கத்தைக் கடப்பாரையால் ஒரு தள்ளு தள்ள வேண்டும், பக்கவாட்டில் நின்று. ஏறும் மரத்துக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக் கூடாது. இன்னொன்று, கோணல்மாணலான சீமைக்கருவேல் உருளாது. அதற்கு ஏ ஃபிரேம்தான். அதனால் இரண்டு பைப்பையும் வாங்கிப் பட்டறையிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

‘கிரேன் இருந்தால் மேலே மேலே அடுக்கலாமே’ என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார். எங்கே அடுக்குவது? இந்த வண்டியின் சுமை அளவே சுமார் 750 கிலோ. அந்தப் புளியங்கட்டையில் மூன்றைப் பக்கம் பக்கமாக வைத்தாலே 900. இரண்டாம் அடுக்குக்கு இடமிருக்கிறது, எடைக்கு இடமில்லை. தூணும் கையும் தாங்குகாலும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்தால், ஒவ்வொரு நடைக்கும் ஏழில் ஒரு பங்கு விறகைக் கிரேனுக்கே கொடுத்துவிடுகிறோம். அப்புறம், சேஸில் நிரந்தரமாக எதையாவது பொருத்தினால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும், ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். சாய்த்துப் போட்டுவிட்டு எடுத்து வைக்கும் சட்டத்துக்கு அந்தக் கேள்வியே இல்லை.

பொலிரோ பிக்கப் வைத்திருப்பவருக்குக் கணக்கு வேறு. ஒன்றேகால் டன்னும் அதற்கு மேலும் ஏற்றும் வண்டியில் இரண்டாம் அடுக்கு உண்டு, டெக்கும் உயரம், சரிவுச் சட்டம் பத்தடிக்கு மேல் வேண்டியிருக்கும். அங்கே தாங்குகாலோடு ஒரு செயின் பிளாக் கிரேன் போட்டால் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.