உடனே மாற்றுவதா, பொறுத்துப் பார்ப்பதா?

அணி தோற்கும்போது பயிற்சியாளரை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆபர்ன் பல்கலைக்கழகம் ஒரு வழி. 2010 சீசனில் தேசியப் பட்டம் வென்று தந்த ஜீன் சிசிக், 2012இல் 3 வெற்றி, 9 தோல்வி. கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளே வேலை போனது. அடுத்து வந்த கஸ் மால்சான் முதல் சீசனிலேயே இறுதி ஆட்டம் வரை போனார் என்பதும் உண்மை. 2020இல் அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் வேறு வழி. 1987இல் வந்த ஃபிராங்க் பீமருக்கு 1992இல் வெறும் 2 வெற்றி. ஆனாலும் பல்கலைக்கழகம் அவரைக் கைவிடவில்லை. மறுவருடமே 9 வெற்றி, 1999 சீசனில் தேசிய இறுதி ஆட்டம், அப்புறம் 2015 வரை அவரேதான்.

எனக்கு இரண்டாவது வழிதான் சரி. பயிற்சியாளரின் மதிப்பு வெற்றிகளில் மட்டும் இல்லை. பீச் பவுல் என்ற கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தின் பெயரில், ஜார்ஜியா மாநிலத்தின் ஓகோனி ஏரிக்கரையில் நடக்கும் கோல்ஃப் போட்டியில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் கல்வி உதவித்தொகைக்கும் தொண்டுக்கும் பணம் திரட்டித் தருகிறார்கள். அந்த உழைப்பு எந்த வெற்றிக் கணக்கிலும் ஏறுவதில்லை.