பாவித்த எஸ்எஸ்டியைப் புதிது என்று தலையில் கட்டினார்கள்: 21,500 ரூபாய் போய்விட்டது

யாழ்ப்பாணத்தில் லப்டொப் திருத்தக் கொடுக்க இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். 21,500 ரூபாய். அந்தக் காசு திரும்ப வராது என்பதை இன்று காலை கடைக்காரர் வாயாலேயே கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆத்திரத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வீட்டு வரைபடம் கீறிக் கொடுப்பவன். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் வீடு கட்டுவதற்குப் பிரதேச சபையில் அனுமதி கேட்டுப் போடும் படங்கள்தான் என் பிழைப்பு. லப்டொப் நின்றால் வருமானம் நின்றுவிடும். அது ஒருநாள் காலையில் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. விண்டோஸ் தொடங்க முதல் வரும் அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய்ப் பார்த்தால் வட்டின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பழைய ஹாட் டிஸ்க் என்றால் சாகிறதற்கு முன் கடகடவென்று சத்தம் போட்டாவது சொல்லும். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் வட்டு, அதில் கட்டுப்பாட்டுச் சில்லு போனால் பெரும்பாலும் ஒரு முன்னறிவிப்பும் இருக்காது. இரவு மூடி வைத்தபோது இருந்தது, காலையில் இல்லை.

எனக்குத் தேவைப்பட்டது எம்.2 என்ற வகை. 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம், ஒரு சுவிங்கம் துண்டின் அளவு. ஒரு டெராபைட்டுக்கு நாலைந்து இடத்தில் விலை கேட்டேன். நகரத்தில் கணினி விற்பதும் திருத்துவதுமாக இருக்கும் ஒரு கடையில் மட்டும் மற்ற இடங்களைவிட நாலாயிரம் ரூபாய் குறைவாகச் சொன்னார்கள். வட்டு 18,500, பூட்டி விண்டோஸ் போட்டுத்தர 3,000. மொத்தம் 21,500. குளிரூட்டி போட்ட கடை, கண்ணாடி அலுமாரி நிறையப் பெட்டிகள், சுவரில் சாமிப் படத்துக்குப் பூ. யாரும் சந்தேகப்படும் இடமல்ல.

திருத்துகிற தம்பிக்கு முப்பது வயது இருக்கும். லப்டொப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றும்போது ஒவ்வொரு ஆணியையும் ஒரு தகர மூடிக்குள், எந்த ஓட்டையில் இருந்து வந்ததோ அதே ஒழுங்கில் வட்டமாக அடுக்கினார். நீள ஆணி ஒரு பக்கம், கட்டை ஆணி ஒரு பக்கம். கைவேலை செய்கிறவனுக்கு இன்னொருவன் கை ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்தால் மனம் இளகிவிடும். புதுப் பெட்டியின் பிளாஸ்டிக் உறையை என் கண் முன்னால்தான் கிழித்தார்.

பூட்டி முடித்ததும், நான் கேட்காமலேயே ஒரு விளக்கம் சொன்னார்.

"அண்ணை, பெட்டியில் ஆயிரம் ஜிபி என்று போட்டிருப்பார்கள். விண்டோஸ் 931 என்றுதான் காட்டும். கம்பனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் ஆயிரத்து இருபத்துநான்காக எண்ணுகிறது. பிறகு வந்து குறைத்துத் தந்துவிட்டேன் என்று சண்டை பிடிக்கக் கூடாது."

அது முழு உண்மை. வேண்டுமானால் யாரும் சரிபார்க்கலாம். அந்த உண்மையைக் கேட்டுத்தான் நான் விழுந்தேன். இவ்வளவு சின்ன விஷயத்தை முன்கூட்டியே சொல்கிற மனிதன் பெரிய விஷயத்தில் ஏமாற்றுவானா? மூன்று வருட வாரன்ரி என்றார். 21,500 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டில் "எஸ்எஸ்டி 1 டிபி, பூட்டுக்கூலி" என்று மட்டும் எழுதி, முத்திரை குத்தித் தந்தார்.

சில கிழமைகள் போகவில்லை, லப்டொப் அடிக்கடி உறையத் தொடங்கியது. பெரிய படத்தைச் சேமிக்கக் கொடுத்தால் திரை அப்படியே நிற்கும். போன் எடுத்தேன். "விண்டோஸ் அப்டேட் பிரச்சினை அண்ணை, கொண்டுவாருங்கள், திரும்பப் போட்டுவிடலாம்" என்றார்கள். திரும்பப் போட இன்னொரு 2,000 ரூபாயாம்!

அதற்கிடையில் கம்பஸில் படிக்கும் மருமகன் வந்து, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தான். வட்டு இதுவரை எத்தனை மணித்தியாலம் மின்சாரத்தில் இருந்தது, எவ்வளவு தரவு அதில் எழுதப்பட்டது என்ற கணக்கு வட்டுக்குள்ளேயே பதிவாகும். அதை எடுத்துக் காட்டுவதுதான் அந்த மென்பொருளின் வேலை. என் புது வட்டு ஓடிய நேரம் 9,412 மணித்தியாலம். ஒரு வருடம் இரவு பகலாக நிறுத்தாமல் ஓடவிட்டாலும் 8,760 மணித்தியாலம்தான் வரும். எழுதப்பட்ட தரவு 71 டெராபைட். நான் அதில் ஏற்றியது 150 ஜிபிகூட இருக்காது. மென்பொருள் காட்டிய வட்டின் மாடல் பெயரும் பெட்டியில் இருந்த கம்பனியுடையது அல்ல.

திரையைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "தம்பி, இதை நீர் விளங்கப்படுத்தும்" என்றேன். அந்தத் தம்பி படத்தைப் பார்க்கக்கூட இல்லை. "அந்த மென்பொருள்கள் அப்படித்தான் அண்ணை, பிழையாகக் காட்டும். 931 என்று காட்டினது மாதிரித்தான் இதுவும்" என்றார். அன்று உண்மை சொன்ன அதே வாய், அதே 931. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது.

முதலாளியிடம் கதைக்க வேண்டும் என்றேன். முதலாளி கொழும்புக்குப் போயிருக்கிறார். பிறகு கேட்டால், கொழும்பில் இருந்து வந்துவிட்டார், ஆனால் கோயில் திருவிழாவில் நிற்கிறார். வட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. "கெதியில் கம்பனிக்கு அனுப்புவோம்" என்ற பதிலையும் கேட்டேன். எந்தக் கம்பனி, பெட்டியில் இருந்ததா, உள்ளே இருந்ததா என்று கேட்டதற்குப் போனை வைத்துவிட்டார்கள்.

போன கிழமை வட்டு முழுதாகவே போனது. மறுபடி பயோஸில் வெறுமை. பழைய வேலைகள் பென் டிரைவில் இருக்கின்றன. கடைசியாகக் கீறிய இரண்டு மாடி வீட்டின் படம் மட்டும் போய்விட்டது, கனடாவில் இருக்கும் வீட்டுக்காரரிடம் தவணை கேட்டிருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் இன்னொரு திருத்துநரிடம் கொடுத்தேன். அவர் வட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். சூட்டில் மேல் ஸ்டிக்கரின் ஒரு மூலை தானாகவே சுருண்டிருந்தது. அதைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் கீழே இன்னொரு ஸ்டிக்கர், இன்னொரு கம்பனி, தயாரித்த வருடம் 2021. பழைய லப்டொப் ஒன்றின் வயிற்றில் இருந்து பிடுங்கியது. பாவித்த சாமானைப் பாவித்தது என்று சொல்லி அரை விலைக்கு விற்றால் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை, கையில் காசு இறுக்கமான நேரத்தில் நானே வாங்கியிருப்பேன். இது புதுப் பெட்டிக்குள் வைத்து, பிளாஸ்டிக் சுற்றி, புது விலைக்கு விற்றது.

இன்று காலை முதலாளி இருந்தார். வட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "ஸ்டிக்கரில் கை வைத்திருக்கிறீர்கள். இனி வாரன்ரி இல்லை." அவர்கள் ஒட்டிய பொய் ஸ்டிக்கரை நான் தூக்கிப் பார்த்ததால் வாரன்ரி இல்லையாம்! பிறகு பெருந்தன்மையாக, புது வட்டு எடுத்தால் 2,000 ரூபாய் குறைத்துத் தருவதாகவும் சொன்னார். கிட்ட இருந்த ஆட்கள் சிரித்தார்கள்.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். காசு கொடுக்க முதல் கடையிலேயே அந்த மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். புது வட்டின் மணித்தியாலம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், மாடல் பெயர் பெட்டியோடு ஒத்துப்போக வேண்டும். கள்ளர் மணித்தியாலத்தையும் அழித்துவிடுவார்கள் என்று அந்தத் திருத்துநர் சொல்கிறார், ஆகவே தொடர் இலக்கத்தைக் கம்பனியின் இணையத்தளத்தில் போட்டும் பாருங்கள். அந்த இலக்கமும் கம்பனிப் பெயரும் வாரன்ரிக் காலமும் பற்றுச்சீட்டில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். எம்.2 என்றாலும் சில லப்டொப்புகள் சாட்டா என்ற பழைய, மெதுவான இணைப்பு வகையை மட்டும்தான் ஏற்கும், என்விஎம்இ என்ற வேகமான வகையை வாங்கிப் போட்டால் கண்டுகொள்ளாது, அதையும் முதலே கேளுங்கள். செத்த பழைய வட்டைக் கடையில் விடாதீர்கள், உங்கள் தரவு அதற்குள் இருக்கிறது.

பழைய வட்டுக்கு இன்னும் கம்பனி வாரன்ரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு செலவழியுங்கள். நல்ல எஸ்எஸ்டிகளுக்கு மூன்று, ஐந்து வருடம் இருக்கிறது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதுகிறேன். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்தில் அவர்களின் அலுவலகம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், "அடுத்த கிழமை வாருங்கள்" என்று அவர்கள் இழுத்தடிப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? எனக்கு இன்னும் காலம் இருக்கிறது. பற்றுச்சீட்டு, திரையின் படம், இரண்டு ஸ்டிக்கரோடும் வட்டு, எல்லாம் ஓர் உறைக்குள் போட்டாயிற்று. முறைப்பாடு முடியும்வரை கடையின் பெயரைக் கேட்காதீர்கள்.